முந்நூற்று நான்கில் முன்பு இருந்தவர்கள்

செப்டம்பர் 3, செவ்வாய்

இந்த டைரியை ஜனவரியில் அலுவலகத்தில் கொடுத்தார்கள். எட்டு மாதமாக மளிகைச் சாமான் எழுதக்கூட எடுக்கவில்லை. இன்று எதையாவது எழுதி வைக்க வேண்டும் போல இருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை.

என் வேலை கடிதம் எழுதுவது. துபாயில், தேரா பக்கம், ஒரே முதலாளிக்குச் சொந்தமான மூன்று கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் சின்ன அலுவலகம். வாடகையை உயர்த்தும் கடிதம், தண்ணீர் நிற்கும் என்று அறிவிக்கும் கடிதம், காலி செய்யச் சொல்லும் கடிதம், எல்லாம் நான் டைப் செய்து மேனேஜர் ரெங்கராஜன் சாரிடம் கொடுப்பேன். நாங்கள் குடியிருப்பதும் இந்த மூன்று கட்டடங்களில் ஒன்றில்தான். முதல் மாடி, 105. ஒரே ஒரு படுக்கையறை. ஊழியர் என்பதால் பழைய வாடகை.

இன்று 304 காலியானது. யாழ்ப்பாணத்துக்காரர்கள் தவராசாவும் அவர் மனைவி ரஞ்சிதமலரும் பத்தொன்பது வருடம் இருந்த வீடு. போன வருடம் அவர்களுக்குப் போன கடிதம் நான் டைப் செய்ததுதான். ‘உரிமையாளரின் மகன் இவ்வீட்டில் குடியேற இருப்பதால்’ என்று தொடங்கும். சட்டப்படி ஒரு வருட அவகாசம். ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் இன்று காலை சாவியோடு நின்றார்கள்.

சாவி வாங்கும்போது வீட்டைச் சுற்றிப் பார்த்துப் பட்டியலில் குறி போட வேண்டும். சுவர், குழாய், ஜன்னல், ஏசி. காலி வீடுகளைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். கட்டில் எங்கே கிடந்தது, எந்தப் பக்கம் தலை வைத்தார்கள், யார் எங்கே சாய்ந்து உட்கார்ந்தார்கள், எல்லாவற்றையும் சுவர் சொல்லிவிடும். 304 ஹாலில் முழங்கால் உயரத்துக்குச் சுற்றிலும் சின்னச் சின்னக் கைத்தடங்கள். ரஞ்சிதமலர் அக்கா பகலில் பிள்ளை பார்க்கிறவர். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகிற வீடுகளின் பிள்ளைகள் மாலைவரை அங்கேதான் இருக்கும். என் மகள் தாரிணியும் மூன்று வயதுவரை அங்கேதான் வளர்ந்தாள்.

பட்டியலில் ‘சுவர்: அழுக்கு’ என்று எழுத வேண்டும். ‘நன்று’ என்று எழுதினேன்.

“மகன் எப்ப வாறார்?” என்று அக்கா கேட்டார்.

“பெயின்ட் அடிச்சதும் வருவாருன்னு நெனைக்கிறேன்க்கா.”

“கலியாணம் கட்டினவரோ?”

“தெரியலக்கா.”

“தனிப் பெடியன் எண்டா குசினி விசயம் ஒண்டும் தெரியாது.” கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தார். “இதை அவரிட்டக் குடுத்துவிடுங்கோ. இங்கிலீசில எழுதியிருக்கிறன்.”

தவராசா அண்ணன் லிஃப்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். “விடுமன். அவை ஆள் வச்சுச் செய்விப்பினம்.”

“ஆளுக்கும் ஆரும் சொல்லத்தானே வேணும்” என்றார் அக்கா.

செப்டம்பர் 4, புதன்

அந்தத் தாளைப் படிக்கக் கூடாது என்று நினைத்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படித்தேன்.

இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியிருக்கிறார். ஹீட்டர் போட்டு இருபது நிமிடம் ஆன பிறகே குளிக்கப் போகவும், குழாயைச் சட்டென்று திறந்தால் துரு வரும். சமையலறை ஜன்னலின் இடது கதவைத் தூக்கிப் பிடித்து மூடவும். பால்கனியில் புறாவுக்குச் சோறு வைக்க வேண்டாம், வைத்தால் பிறகு போகாது, இது எங்கள் பிழை. 303-இல் இருக்கும் பெரியவருக்குக் காது மந்தம், மணியை விட்டுவிட்டுக் கதவில் பலமாகத் தட்டவும். கடைசியில் தனியாக ஒரு வரி: நாங்கள் இங்கே சந்தோசமாக இருந்தோம், நீங்களும் அப்படி இருங்கள்.

இதை மகனிடம் எப்படிச் சேர்ப்பது? முதலாளியையே நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன்.

செப்டம்பர் 11, புதன்

மகனின் தொலைபேசி எண் ஏதாவது இருக்கிறதா என்று கோப்புகளைப் பார்த்தேன். எண் இல்லை. ஆனால் 207-க்குப் போன கடிதத்திலும் ‘உரிமையாளரின் மகன்’. 510-க்குப் போனதிலும் அதே மகன். மூன்றையும் டைப் செய்தது நான். மூன்றும் ஐந்து மாதத்துக்குள்.

முதலாளிக்கு ஒரே மகன்தான். கம்பெனி உரிமத்துக்காக வாங்கிய குடும்பப் பாஸ்போர்ட் நகல்கள் என் அலமாரியில் இருக்கின்றன.

செப்டம்பர் 12, வியாழன்

ரெங்கராஜன் சாரிடம் கேட்டேன். சார் திருச்சிக்காரர். நல்ல மனிதர். தாரிணிக்கு டெங்கு வந்தபோது தன் காரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். இந்த வேலையும் அவர் வாங்கித் தந்ததுதான்.

“சார், முதலாளி மகன் மூணு வீட்லயும் இருக்கப் போறாரா?”

அவர் கண்ணாடியைத் துடைத்தார். “கடிதத்துல ஒரு காரணம் போடணும்ல. சட்டம் கேக்குதே. பழைய ஆளுங்க இருந்தா வருஷத்துக்கு இவ்வளவுதான் ஏத்தலாம்னு கணக்கு இருக்கு. புதுசா வர்றவங்கன்னா மார்க்கெட் வாடகை. அவ்வளவுதாம்மா விஷயம்.”

“அப்ப அவர் வர மாட்டாரா?”

“அதெல்லாம் நமக்கு எதுக்கு? நாம டைப் பண்றவங்க.”

சும்மாதான் கேட்டேன் என்று சொன்னேன். உண்மையும் அதுதான்.

செப்டம்பர் 14, சனி

துணி துவைத்தேன். தாரிணிக்குப் பத்தாம் வகுப்பு மாதிரித் தேர்வுகள் தொடங்குகின்றன. ஹாலில் படுக்கிறாள், ஹாலில்தான் படிக்கிறாள். யாராவது வந்தால் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு எங்கள் அறைக்குப் போய்விடுவாள்.

இவரிடம் மூன்று வீட்டுக் கதையைச் சொன்னேன். இவர் பெயர் லிங்கம், ஜபல் அலியில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர். ஆறு வருடமாக ஒரே சம்பளம். மீன் கழுவிக்கொண்டே கேட்டார்.

“அவன் ஒரு வீட்டுல சாப்பிட்டு, ஒரு வீட்டுல குளிச்சு, இன்னொரு வீட்டுல தூங்குவான் போல” என்றார்.

சிரித்தேன். பிறகு, “அந்தக் கடுதாசிய நீதான அடிச்ச?” என்றார். மீன் குழம்பில் இன்று புளி அதிகமாகிவிட்டது.

செப்டம்பர் 24, செவ்வாய்

மகன் வந்தார்.

அப்பாவிடம் கையெழுத்து வாங்க வேண்டிய ஏதோ தாளுக்காக அலுவலகத்துக்கு வந்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்து, இருபத்தாறு வயது. மரியாதையான பையன். நான் தண்ணீர் கொடுத்தபோது எழுந்து வாங்கிக்கொண்டார். லண்டனில் படித்து அங்கேயே வேலை. ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போகிறார்.

ரெங்கராஜன் சார் வங்கிக்குப் போயிருந்தார். அந்தத் தாள் என் மேசை டிராயரில் இருந்தது. உங்கள் வீட்டில் முன்பு இருந்தவர்கள் இதைக் கொடுக்கச் சொன்னார்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுத்தேன்.

முழுவதும் படித்தார். புறா இடத்தில் சிரித்தார். பிறகு, “இது எந்த வீடு?” என்று கேட்டார்.

“304. நீங்கள் குடிவரப் போகும் வீடு.”

“எனக்கு இங்கே வீடு எதுவும் இல்லையே” என்றார். தாளை அழகாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “வேறு யாருக்கோ எழுதியிருப்பார்கள்.”

செப்டம்பர் 28, சனி

சனிக்கிழமையிலும் வேலை. 304-ஐப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். விளம்பரம் போட்ட நான்கு மணி நேரத்தில் முப்பத்தோரு பேர் கூப்பிட்டார்களாம். வாடகை ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஒன்பது பேருக்குக் கதவைத் திறந்து காட்டினேன். எல்லோரும் ஒரே வீட்டைத்தான் பார்த்தார்கள், ஆனால் ஒவ்வொருவரும் வேறு எதையோ பார்த்தார்கள். ஒரு எகிப்துக்காரர் சுவரை விரலால் தட்டித் தட்டி எங்கே பலகைத் தடுப்பு போடலாம் என்று கணக்குப் பார்த்தார். ஒரு நர்ஸ் பால்கனியைக் காலால் அளந்து, இங்கே ஒரு கட்டில் விழும் என்று தோழியிடம் சொன்னாள். பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிற ஒருவர் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிடம் உள்ளேயே நின்றார். வெளியே வந்து, “இங்கே அமைதியாக இருக்கிறது” என்றார். இப்போது ஏழு பேரோடு இருக்கிறாராம்.

கைத்தடங்கள் இருந்த சுவர் இப்போது வெள்ளை.

அக்டோபர் 1, செவ்வாய்

304-ஐ அபர்ணா என்ற பெண்ணும் அவள் கணவரும் எடுத்தார்கள். புனேக்காரர்கள், ஊரிலிருந்து வந்து மூன்று வாரம். அந்தத் தாளை அவளிடம் கொடுத்துவிட்டேன். வாசித்துவிட்டு, “எவ்வளவு நல்லவர்கள். இப்போது எங்கே இருக்கிறார்கள்?” என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அக்டோபர் 12, சனி

தவராசா அண்ணன் பெயருக்கு வங்கியிலிருந்து ஒரு கவர் வந்தது. தபாலில் திருப்பி அனுப்பலாம். நேரில் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. போனில் விலாசம் கேட்டேன். ஷார்ஜாவில், தொழிற்பேட்டைக்குப் பின்னால்.

இரண்டு பஸ் மாறிப் போனேன். ஒன்றே முக்கால் மணி நேரம். இரண்டு படுக்கையறை வீடு. ஒன்றில் இவர்கள், இன்னொன்றில் நாலு பேர் கொண்ட ஒரு மலையாளிக் குடும்பம், ஹாலில் திரைக்குப் பின்னால் இரண்டு பேர். பத்தொன்பது வருடச் சாமான் எங்கே என்று பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் நான்கு பெட்டி. மிச்சம் விற்றாயிற்றாம்.

“வாங்கோ, கட்டில்ல இருங்கோ, கதிரைக்கு இடமில்லை” என்றார் அக்கா.

அண்ணன் தேராவில் அச்சகத்தில் வேலை. காலையில் ஐந்து மணிக்கு முன் கிளம்பி ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் வருகிறார். அக்காவுக்கு இங்கே பிள்ளை பார்க்கும் வேலை இல்லை. “அறைக்குள்ள வச்சுப் பாக்கலாம் எண்டு கேட்டன். வீட்டுக்காரர் ஏலாது எண்டிட்டார்.” கட்டில் விரிப்பை இழுத்துவிட்டு, “நாள் முழுக்கச் சும்மா இருக்கிறது எப்பிடி எண்டு இப்பதான் பழகிறன்” என்றார்.

பிறகு அவரே கேட்டார். “மகன் வந்திட்டாரோ? கடிதம் குடுத்தனீங்களோ?”

“குடுத்துட்டேன்க்கா. படிச்சாரு.”

“என்ன சொன்னவர்?”

“புறா சமாச்சாரத்துல சிரிச்சாரு.”

அக்காவுக்குச் சந்தோஷம். நான் பொய் எதுவும் சொல்லவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அதை யோசித்துக்கொண்டே வந்தேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அக்டோபர் 21, திங்கள்

ரெங்கராஜன் சார் எட்டுக் கடிதங்கள் டைப் செய்யச் சொன்னார். எங்கள் முதல் மாடியில் 105 தவிர எல்லா வீட்டுக்கும். இந்த முறை காரணம் ‘உரிமையாளரின் மகள்’. மகளுக்கு வயது பதினொன்று.

“உங்க வீட்ட நான் பாத்துக்கிட்டேம்மா. மேல பேசிட்டேன். நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க” என்றார்.

நன்றி சொன்னேன். ஒரு கடிதம் டைப் செய்தேன், 101-க்கு. மிச்சத்துக்குப் பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டது என்று சொன்னேன்.

அக்டோபர் 24, வியாழன்

மத்தியானம் பக்கத்துத் தெருவில் உள்ள டைப்பிங் சென்டருக்குப் போனேன். விசா, ஒப்பந்தம், மனு எல்லாம் அங்கே எழுதித் தருவார்கள். நடத்துகிற ஷெரீஃபா நாகூர்க்காரர், அறிமுகம் உண்டு. ஒரு விஷயம் தெரிந்துகொள்ளக் கேட்டேன்: சொந்த உபயோகம் என்று காலி செய்யச் சொல்லிவிட்டு வேறு ஆளுக்கு வாடகைக்கு விட்டால் என்ன ஆகும்?

“பழைய ஆள் கேஸ் போடலாம். நஷ்டஈடு கெடைக்கும். ஆனா வேற ஆள் குடி வந்திருக்காங்கன்னு அவங்களுக்குத் தெரியணும்ல? போனவங்க யாரும் திரும்பிப் போய்ப் பாக்குறதில்ல. அதான் எல்லாரும் தைரியமா செய்யிறாங்க.” பிறகு என்னைப் பார்த்தார். “யாருக்குக் கேக்குறீங்க?”

“சும்மா, தெரிஞ்சுக்கத்தான்.”

அக்டோபர் 30, புதன்

பிரிண்டருக்கு மை வந்துவிட்டது. இன்று தலைவலி என்று சீக்கிரம் வந்துவிட்டேன்.

நவம்பர் 2, சனி

தவராசா அண்ணனையும் அக்காவையும் தேநீருக்கு அழைத்திருந்தேன். அன்று கட்டில்மேல் உட்கார வைத்துப் பலகாரம் கொடுத்தார்களே, திருப்பிச் செய்ய வேண்டாமா. வேறொன்றும் இல்லை. உளுந்த வடை சுட்டேன். இவர் கடைக்குப் போய்க் கேக் வாங்கி வந்தார். நான் கேக் வாங்கச் சொல்லவே இல்லை.

தாரிணியைப் பார்த்ததும் அக்கா அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நான்கரை மணி இருக்கும். இவர்தான், “வந்தது வந்தீங்க, மேல போயி 303 பெரியவரப் பாத்துட்டு வாங்களேன்” என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. கூடப் போனேன், அவ்வளவுதான்.

மூன்றாவது மாடியில் லிஃப்ட் திறந்ததும் 304 வாசலில் ஷூ ஸ்டாண்ட், துளசிச் செடி, மராத்தியில் ஏதோ எழுதிய பெயர்ப்பலகை. அக்கா நின்றுவிட்டார். அதற்குள் அபர்ணா குப்பைப் பையோடு கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் அக்காவைக் காட்டி, முன்பு இங்கே இருந்தவர்கள் என்றேன். முன்பின் தெரியாதவர்களை அறிமுகம் செய்வது மரியாதைதானே.

“நீங்களா அந்தக் கடிதம் எழுதியது?” அபர்ணா பையைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “குழாயில் துரு வரும் என்று தெரியாமல் இருந்திருந்தால் என் புடவையெல்லாம் பாழாகியிருக்கும். உள்ளே வாருங்கள்.”

அக்கா உள்ளே போகவில்லை. “நீங்கள் முதலாளி மகனின் மனைவியா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“இல்லையே. நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம்.”

அண்ணன் அந்தப் பெயர்ப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அச்சகத்துக்காரர், எழுத்தைப் பார்க்கிறாரோ என்னவோ. அக்கா என் பக்கம் திரும்பினார். கோபிப்பார் என்று நினைத்தேன்.

“இதுக்கோ தங்கச்சி கூப்பிட்டனீங்கள்?”

“வடைக்குத்தான்க்கா” என்றேன்.

நவம்பர் 3, ஞாயிறு

மிச்சம் இருந்த உளுந்து மாவில் போண்டா.

நவம்பர் 25, திங்கள்

304 சம்பந்தமாக வாடகை வழக்கு மன்றத்திலிருந்து தாள் வந்திருக்கிறது. ரெங்கராஜன் சார் கதவைச் சாத்திக்கொண்டு போனில் ரொம்ப நேரம் பேசினார். கேட்பதில்லை என்றுதான் இருந்தேன். “எப்படித் தெரிஞ்சிச்சுன்னு தெரியல சார்” என்று மூன்று தடவை சொன்னது மட்டும் கேட்டது.

நவம்பர் 26, செவ்வாய்

காலையில் சார் கூப்பிட்டார். மன்றத்துக்குப் பதில் டைப் செய்ய வேண்டும். கையால் எழுதி வைத்திருந்தார். உரிமையாளரின் மகன் 304-இல் குடியேறிவிட்டார், இப்போது அங்கே இருப்பவர்கள் அவருடைய விருந்தினர்கள் என்று இருந்தது.

இரண்டு முறை படித்தேன். மகன் எழுந்து நின்று தண்ணீர் வாங்கிக்கொண்டது ஞாபகம் வந்தது.

“சார், இத நான் டைப் பண்ணல.”

“ஏம்மா, உடம்பு முடியலையா?”

“உடம்பு நல்லாருக்கு சார்.”

அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை, ஒரு புது ஆளைப் பார்ப்பதுபோல. “கோமதி, எனக்கும் வாடகை வீடுதான். போன வருஷம் எனக்கே இப்படி ஒரு லெட்டர் வந்துச்சு. ஓனரோட தாயாருக்கு வீடு வேணும்னு. மூணு வாரத்துல வேற ஆள் குடி வந்தான். நான் கேஸ் போட்டேனா? ஒழுங்கா பொட்டியக் கட்டிக்கிட்டு அஜ்மானுக்குப் போனேன்.”

“போட்டிருக்கலாம் சார்.”

என் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு விரலால், அவரே தட்டத் தொடங்கினார். ஒரு பக்கத்துக்கு ஐம்பது நிமிடம் ஆனது. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். உட்காரத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். “கேக் வாங்கும்போதே நெனச்சேன்” என்றார். அப்புறம் இருவரும் தாரிணிக்குக் கேட்காதபடி கொஞ்ச நேரம் பேசினோம். என்ன பேசினோம் என்று எழுதவில்லை.

டிசம்பர் 11, புதன்

அலுவலகத்தில் யாரும் எனக்கு வேலை கொடுப்பதில்லை. ஸ்டேப்ளர் பின்களை அளவுவாரியாகப் பிரித்தேன்.

ஜனவரி 16, வியாழன்

தீர்ப்பு வந்துவிட்டது. விருந்தினர் கதையை மன்றம் ஏற்கவில்லை. அபர்ணா தன் ஒப்பந்தத்தைத் தானே கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். தவராசா அண்ணனுக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும். வீடு திரும்பக் கிடைக்காது, அபர்ணா இருக்கிறாளே.

அக்கா போன் செய்தார். வேறு யாரோடும் பங்கு போடாமல் ஒரு சின்ன வீடு பார்க்கலாம் என்று இருக்கிறார்கள். “பிள்ளையள் பாக்கிறதுக்கு விடுவினமோ எண்டு முதலே கேட்டுப்போட்டுத்தான் எடுப்பன்” என்றார். நன்றி என்ற சொல்லை அவரும் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. தாரிணிக்கு எந்தப் பாடம் கஷ்டம் என்று கேட்டார்.

முதல் மாடிக்குப் போக வேண்டிய அந்த எட்டுக் கடிதங்களைப் பற்றி ரெங்கராஜன் சாரிடம் கேட்டேன். “இப்போதைக்கு வேண்டாம்னு மேல சொல்லிட்டாங்க” என்றார். 101-இல் இருக்கிற பாகிஸ்தானி அம்மா மாலையில் மாடிப்படியில் எதிரே வந்து, என்றும்போல, தலையசைத்துவிட்டுப் போனார். அவருக்கு எதுவும் தெரியாது.

ஜனவரி 20, திங்கள்

சார் எனக்கு இரண்டு கடிதங்கள் கொடுத்தார். வேலை மார்ச்சோடு முடிகிறது. 105-இன் ஊழியர் சலுகையும் அத்தோடு முடிகிறது. அதன் பிறகு இருக்க விரும்பினால் புது வாடகை. புது வாடகை எங்கள் இருவர் சம்பளத்தில் முக்கால்வாசி.

“நானே டைப் பண்ணேம்மா” என்றார். “தப்பு இருந்தா சொல்லுங்க.”

ஒரு இடத்தில் தேதி மாறியிருந்தது. இன்னொரு இடத்தில் என் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. பென்சிலால் குறித்துக் கொடுத்தேன். திருத்தி மறுபடி பிரிண்ட் எடுத்து வந்து தந்தார். கையெழுத்துப் போட்டு ஒரு நகலை அவரிடம் கொடுத்தேன்.

பிப்ரவரி 1, சனி

ஷெரீஃபா தன் டைப்பிங் சென்டரில் ஏப்ரலிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார். சம்பளம் குறைவு. வேலை இருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

இதுவரை பதினொரு வீடு பார்த்தாயிற்று. இத்தனை வருடம் கதவைத் திறந்து காட்டியவள், இப்போது திறந்து காட்டச் சொல்லி நிற்கிறேன். ஒரு வீட்டில் ஜன்னல் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது சுவரில் ஒட்டிய கடற்கரைப் படம். இன்னொன்றில் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேறொருவர் கீழே நின்று போனில் முன்பணம் அனுப்பிவிட்டார். தரகரிடம் நான் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கேள்வி கேட்கிறேன், முன்பு இருந்தவர்கள் ஏன் போனார்கள் என்று. ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவர் மட்டும், “மேடம், நீங்கள் வீடு பார்க்க வந்தீர்களா, விசாரணைக்கு வந்தீர்களா?” என்றார்.

பிப்ரவரி 14, வெள்ளி

நாளை தாரிணிக்கு முதல் பரீட்சை. சாப்பிடும்போது இவர், “நீயும் பிள்ளையும் வேணும்னா சங்கரன்கோயிலுக்குப் போயிருங்க. நான் இங்க ஒரு ரூம்ல ஒட்டிக்கிடுதேன்” என்றார். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தாரிணி எழுந்துபோய்க் கை கழுவினாள். குழாய் ரொம்ப நேரம் ஓடியது.

நான் இன்னும் நாலு வீடு பார்க்க வேண்டும் என்று சொன்னேன்.

மார்ச் 18, செவ்வாய்

பரீட்சை முடிந்தது. வீடு கிடைக்கவில்லை. இன்னும் பதின்மூன்று நாள்.

மார்ச் 22, சனி

ஷார்ஜாவில் பதினெட்டாவது வீடு. இவரோடு தாரிணியும் வந்தாள்.

தரகர் பெயர் மாலிக், கூத்தாநல்லூர்க்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். நோன்பு மாதம், உதடு வறண்டிருந்தது. நான்காவது மாடி, லிஃப்ட் பழுது. ஒவ்வொரு மாடியிலும் எங்களுக்காக நின்று நின்று ஏறினார்.

கதவைத் திறந்தார். உள்ளே ஒரு சாமான் இல்லை, தரையெல்லாம் மணல் தூசி. மாலிக் வாசலில் செருப்பைக் கழற்றி, சுவரோரம் ஒதுக்கி வைத்துவிட்டு உள்ளே போனார். நாங்கள் செருப்புக் காலோடு பின்னால் போனோம். இதுவரை பார்த்த பதினேழு வீட்டில் எந்தத் தரகரும் செருப்பைக் கழற்றியதில்லை.

இரண்டு சின்ன அறை. வாடகை எங்களால் முடியும், கஷ்டப்பட்டால். தாரிணியின் பள்ளிக்கு ஒரு மணி நேரம். இதெல்லாம் நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது என் கேள்வியைத் தாரிணியே கேட்டுவிட்டாள்.

“அங்கிள், இங்க முன்னாடி இருந்தவங்க எங்க போனாங்க?”

“ஊருக்கும்மா.”

“ஏன்?”

மாலிக் ஜன்னலைத் திறக்கப் போனார். பூட்டைப் பார்க்காமலே கை சரியான இடத்துக்குப் போனது. “வாடகைய ஏத்திட்டாங்க. அவர் சம்பளத்துக்குத் தாங்கல. பொண்டாட்டியையும் ரெண்டு புள்ளைங்களையும் அனுப்பி வச்சிட்டாரு.”

“அவர்?”

“அவர் இங்கதான். பக்கத்துத் தெருவுல பெட் ஸ்பேஸ்ல. ஒரு ரூம்ல ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு.”

தாரிணி மேலே கேட்கவில்லை. நான் கேட்டேன். இந்த ஏழு மாதத்தில் எத்தனையோ கேட்டுவிட்டேன், எதையும் இவ்வளவு மெதுவாகக் கேட்டதில்லை.

“நீங்களா தம்பி?”

“போன மாசம் வரைக்கும்க்கா” என்றார். தெருவைப் பார்த்துக்கொண்டே, “யாராச்சும் வரத்தான் போறாங்க. நீங்க வந்தீங்கன்னா எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. எடுத்துக்கங்க” என்றார்.

இவர் வாசலுக்குத் திரும்பிப் போய், குனிந்து, ஷூ லேஸை அவிழ்த்தார். மாலிக்கின் செருப்புக்குப் பக்கத்தில் ஷூவை வைத்தார். நானும் போனேன், தாரிணியும் வந்தாள்.

பிறகு மாலிக் எங்களுக்கு வீட்டைக் காட்டினார்.